காற்றில் இருக்கிறது சோறு!

மூட்டை மூட்டையாக வயலுக்கு யூரியா போகிறது. அதில் பயிருக்குப் போவது எவ்வளவு? மிச்சம் எங்கே போகிறது?

இந்த வரியைப் படிப்பதற்குள் நீங்கள் ஒரு மூச்சு இழுத்திருப்பீர்கள்.

அந்த மூச்சில் உள்ளே போனது என்ன?

"பிராணவாயு" என்று சட்டென்று சொல்வீர்கள். அது கால் பங்கு பதில்கூட அல்ல. காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். 78 பங்கு வேறு ஒரு வாயு. அதற்கு நைட்ரஜன் என்று பெயர்.

இந்த நைட்ரஜன் மூக்கு வழியாக உள்ளே போகிறது. போன மாதிரியே வெளியே வந்துவிடுகிறது. உடம்பு அதைத் தொடுவதில்லை.

ஆனால், நைட்ரஜன் இல்லாவிட்டால் உடம்பே இல்லை! தசை, ரத்தம், தோல், முடி, நகம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 2 கிலோ நைட்ரஜன் உண்டு.

மூச்சில் வந்ததை உடம்பு எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் இந்த 2 கிலோ எந்த வழியாக வந்தது?

சோற்றின் வழியாக வந்தது. பருப்பு, பால், முட்டை, மீன் வழியாக வந்தது.

சோற்றுக்கு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. மண்ணுக்கு எங்கிருந்து வந்தது? அதே காற்றிலிருந்து!

காற்றிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து நமக்கு, நம்மிடமிருந்து மறுபடியும் மண்ணுக்கும் காற்றுக்கும். இதுதான் நைட்ரஜனின் பயணம். விவசாயியின் பணமும், ஊர்க் கிணற்றுத் தண்ணீரும், கைக்குழந்தையின் நலமும் இந்தப் பயணத்தோடு சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பூட்டிக் கிடக்கும் களஞ்சியம்

ஓர் ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் மேலே, வானம் வரை நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 30 ஆயிரம் டன் நைட்ரஜன் இருக்கிறது.

அந்த ஏக்கரில் விளையும் நெல்லுக்குத் தேவை எவ்வளவு தெரியுமா? 50, 60 கிலோதான்.

தலைக்கு மேலே 30 ஆயிரம் டன். ஆனாலும் பயிர் தழைச்சத்து இல்லாமல் மஞ்சளாகி நிற்கிறது. நெல் குவிந்த களஞ்சியத்தின் வாசலில் ஒருவன் பட்டினி கிடப்பது போல! காரணம், களஞ்சியம் பூட்டிக் கிடக்கிறது.

அது என்ன பூட்டு?

காற்றில் நைட்ரஜன் தனித் தனி அணுவாக இருப்பதில்லை. இரண்டு இரண்டாகச் சேர்ந்திருக்கிறது. ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணுக்களும் மூன்று கைகளாலும் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பிடியைப் பிரிப்பது லேசான காரியம் அல்ல. நமக்கும் அந்தச் சக்தி இல்லை. மாட்டுக்கும் இல்லை, மரத்துக்கும் இல்லை.

பிடியைப் பிரித்து, ஹைட்ரஜனோடோ பிராணவாயுவோடோ சேர்த்துவிட்டால், அது அம்மோனியா ஆகும். அல்லது நைட்ரேட் என்னும் உப்பாகும். அதைத்தான் பயிரின் வேர் உறிஞ்சும்.

இந்தப் பூட்டுக்கு மூன்று சாவிகள் உண்டு. ஒன்று வானத்தில் இருக்கிறது. ஒன்று மண்ணில் இருக்கிறது. மூன்றாவது மனிதன் செய்தது.

முதல் சாவி: மின்னல்

மின்னல் வெட்டும்போது அந்த இடத்துக் காற்று பயங்கரமாகச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நைட்ரஜனின் பிடி விட்டுப்போகிறது. பக்கத்தில் இருக்கும் பிராணவாயுவோடு அது சேர்கிறது. மழைத் தண்ணீரில் கரைந்து, நைட்ரேட்டாக நிலத்தில் இறங்குகிறது.

ஆனால், மின்னல் தருவது சிறு பங்குதான். அதை நம்பி உலகம் பிழைக்க முடியாது.

இரண்டாம் சாவி: வேரில் ஒரு ரகசியம்

அடுத்த முறை உளுந்து வயலுக்கோ நிலக்கடலைக் கொல்லைக்கோ போனால், ஒரு செடியை மண்ணோடு மெல்லப் பெயர்த்து எடுங்கள். வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பூச்சி விழுந்த வேர் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஓர் உரத் தொழிற்சாலை!

அந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தொழிற்சாலை வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒரு பொருள் அந்த நிறத்தைத் தருகிறது.

முடிச்சுக்குள்ளே பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் கோடிக் கணக்கில் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து, அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒருவருக்கு வீடும் சாப்பாடும், மற்றவருக்கு உரம். இரண்டு பேருக்கும் லாபம்.

பயறு வகைகளுக்குப் பிறகு போடும் பயிர் செழிக்கும் என்பது விவசாயிகளுக்கு நெடுங்காலமாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாது. 1886-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தக் காரணத்தை உலகத்துக்குச் சொன்னார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெய்ஜரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து எடுத்துக் காட்டினார்.

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்கு இடையில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் அறுத்த ஈரத்திலேயே பயறு முளைத்துவிடும். வீட்டுக்குப் பருப்பு கிடைக்கும். மண்ணுக்கு வேரும் சருகும் கிடைக்கும்.

நடவுக்கு முன்னால் சணப்பை, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி ஆகியவற்றை வளர்த்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவதும் இதே கணக்குத்தான். இந்தச் செடிகளின் வேரிலும் முடிச்சு உண்டு. செடி அழுகும்போது, காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் மண்ணில் சேர்ந்துவிடுகிறது.

நெல் வயலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேங்கி நிற்கும் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி படர்ந்திருக்கும். பாசிதானே என்று நினைக்கிறோம். அந்தப் பாசியும் காற்று நைட்ரஜனைப் பிடிக்கக் கூடியது. பி.கே.டே என்ற விஞ்ஞானி நெல் வயல்களை ஆராய்ந்து 1939-ல் இதை எடுத்துக் காட்டினார். பல தலைமுறையாக ஒரே வயலில் நெல் போட்டும் மண் அடியோடு செத்துப்போகாததற்கு இந்தப் பாசியும் ஒரு காரணம்.

அசோலா என்னும் சிறு மிதவைச் செடியின் இலைக்குள்ளும் இதே மாதிரிப் பாசி குடியிருக்கிறது. அதனால்தான் அது வயலுக்கு உரமாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் ஆகிறது.

கைமாறிக்கொண்டே இருக்கும் காசு

நைட்ரஜன் ஓர் இடத்தில் தங்குவதே இல்லை. சந்தையில் காசு கைமாறுவது போல அது கைமாறிக்கொண்டே இருக்கும்.

பயிர் அதை வாங்கி இலையாகவும் மணியாகவும் ஆக்குகிறது. வைக்கோலை மாடு தின்கிறது. அரிசியையும் பருப்பையும் நாம் தின்கிறோம்.

குழந்தைகள் வளர்கிறார்கள். அதனால் சாப்பாட்டில் வரும் நைட்ரஜனில் ஒரு பகுதியை உடம்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வளர்ந்தவர்களோ எவ்வளவு வாங்குகிறார்களோ, ஏறக்குறைய அவ்வளவையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் 10 கிராம்! பெரும்பகுதி சிறுநீரில் யூரியாவாகப் போகிறது.

ஆம், கடையில் மூட்டையாக விற்கிறதே, அதே யூரியாதான்! சிறுநீரில் இருந்த இந்தப் பொருளை 1828-ல் ஜெர்மன் விஞ்ஞானி வோலர், உடம்பின் உதவி இல்லாமலே தம் ஆராய்ச்சிச் சாலையில் செய்து காட்டினார்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறார்களே, அது எதற்கு? ஆட்டுப் புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்தான். காட்டிலும் மேட்டிலும் மேய்ந்த தழையின் நைட்ரஜன், ஆட்டின் வழியாக வயலுக்கு வந்து சேர்கிறது. படிக்காத பாட்டன் கண்ட வழி!

சாணமும் சருகும் மண்ணில் மக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. மண்ணில் உள்ள ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். 1890-ம் ஆண்டு வாக்கில் ரஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இதைக் கண்டறிந்தார்.

நைட்ரேட் முழுவதும் பயிருக்குப் போய்விடுவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் வேறு ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவை நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவைத் தமக்கு எடுத்துக்கொண்டு, நைட்ரஜனைக் காற்றிலேயே விட்டுவிடும். வந்தது வந்த இடத்துக்கே போய்விட்டது!

இப்படி வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போயின. பல ஆயிரம் ஆண்டுகள் உலகம் இந்தக் கணக்கில்தான் ஓடியது.

உரத்துக்காக ஒரு யுத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனத்தொகை பெருகியது. பழைய வரவு போதவில்லை.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் கரையோரம் சிஞ்சா தீவுகள் என்ற சிறு தீவுகள் இருக்கின்றன. அங்கே கடற்பறவைகளின் எச்சம் மலை போல் குவிந்து கிடந்தது. அதில் தழைச்சத்து அதிகம். ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக அதை அள்ளிச் சென்றார்கள். சில பத்து ஆண்டுகளில் மலை கரைந்துவிட்டது.

பிறகு சிலி நாட்டுப் பக்கத்துப் பாலைவனத்தில் கிடைத்த வெடியுப்பின் மீது கண் விழுந்தது. அந்த நிலத்துக்காக 1879-ல் சிலிக்கும், பெரு, பொலிவியா நாடுகளுக்கும் யுத்தமே மூண்டது. சிலி ஜெயித்தது. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது.

1898-ல் இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் ஓர் எச்சரிக்கை விடுத்தார். "கோதுமை உண்ணும் நாடுகளுக்குப் பஞ்சம் வரப்போகிறது. காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்க ரசாயன விஞ்ஞானிகள் வழி காணவேண்டும்" என்பது அவர் பேச்சின் சாரம்.

பதினொரு ஆண்டுகளில் வழி பிறந்தது.

மூன்றாம் சாவி: ஜெர்மனியில் சொட்டிய திரவம்

1909-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆராய்ச்சிச் சாலை. பிரிட்ஸ் ஹேபர் என்ற விஞ்ஞானி ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். உள்ளே போனவை நைட்ரஜனும் ஹைட்ரஜனும். வெளியே சொட்டுச் சொட்டாக விழுந்தது அம்மோனியா!

அதைப் பெரிய ஆலையாக்கும் பொறுப்பைக் கார்ல் போஷ் என்பவர் ஏற்றார். காற்றின் சாதாரண அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம். 500 டிகிரியை எட்டும் சூடு. இதைத் தாங்கும் இரும்புக் கலன் செய்வதே பெரும் பாடு. 1913-ல் ஓப்பாவ் என்ற இடத்தில் ஆலை ஓடத் தொடங்கியது.

உளுந்து வேரில் இருக்கும் பாக்டீரியா இதே வேலையை மண்ணின் சாதாரணச் சூட்டில் சத்தமில்லாமல் செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஆனால், அடுத்த ஆண்டே உலக யுத்தம் வந்தது. அம்மோனியாவிலிருந்து உரம் மட்டுமா செய்யலாம்? வெடிமருந்தும் செய்யலாம். சோறு கொடுக்க வந்த சாவி, குண்டுக்கும் மருந்து கொடுத்தது.

ஹேபரின் வாழ்க்கையும் இப்படித்தான். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ரே போர்முனையில் குளோரின் விஷ வாயுவை ஏவும் வேலையை முன்னின்று நடத்தியவர் அவரே. அம்மோனியா கண்டதற்காக 1918-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே. யூதராகப் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933-ல் நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் காலமானார்.

1921-ல் அதே ஓப்பாவ் ஆலையில், இறுகிப்போன உரக் குவியலை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார்கள். குவியலே வெடித்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2020-ல் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்ததும் இதே இனத்தைச் சேர்ந்த அம்மோனியம் நைட்ரேட்தான்.

இருந்தும், இந்தச் சாவி இல்லாமல் இன்றைய உலகம் இல்லை. உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் உண்ணும் உணவு, ஆலையில் பிடித்த நைட்ரஜனால் விளைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1947-ல் ஆலுவாயிலும், 1951-ல் சிந்திரியிலும் தழைச்சத்து உர ஆலைகள் உற்பத்தி தொடங்கின. தமிழ்நாட்டில் 1966-ல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு யூரியா செய்தார்கள். அந்த உர ஆலை பின்னாளில் மூடப்பட்டது. 1971-ல் மணலியிலும், 1975-ல் தூத்துக்குடியிலும் ஆலைகள் வந்தன.

அதே சமயத்தில் குட்டை ரக நெல்லும் வந்தது. பழைய நெட்டை ரகங்களுக்கு உரம் அதிகமானால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். குட்டை ரகம் உரத்தைத் தின்றும் நிமிர்ந்து நின்றது. மூட்டைகள் பெருகின. ரேஷன் கடை வரிசையில் அரிசிக்காகக் காத்து நின்ற நாடு, அரிசியை ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியது.

மூட்டையில் மிச்சம் எங்கே?

இனிதான் முக்கியமான கேள்வி.

இப்போது யூரியா 45 கிலோ மூட்டையில் வருகிறது. அதில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். அதாவது மூட்டைக்கு ஏறக்குறைய 20 கிலோ.

நெல் வயலில் போட்டால், பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான். மூட்டைக்கு 6 கிலோ முதல் 8 கிலோ! மிச்சத்தில் கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றதெல்லாம் போய்விடும்.

எப்படிப் போகிறது?

முதல் வழி ஆவி. யூரியா தண்ணீரில் கரைந்து சில நாட்களில் அம்மோனியாவாக மாறுகிறது. தேங்கிய தண்ணீர், நல்ல வெயில், வீசும் காற்று மூன்றும் சேர்ந்தால் அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும்.

இரண்டாம் வழி சேறு. வயல் காய்ந்தால் அம்மோனியா நைட்ரேட்டாகும். மறுபடி தண்ணீர் நிரம்பினால், காற்றுப் புகாத சேற்றில் காத்திருக்கும் கூட்டம் அதைக் காற்றுக்கு அனுப்பிவிடும்.

மூன்றாம் வழி தண்ணீர். மடை வழியாக வாய்க்காலுக்கு ஓடிவிடும். மணல் பாங்கான நிலத்தில் நைட்ரேட் நேரே கீழே இறங்கும். கீழே இருப்பது ஊர்க் கிணற்றின் ஊற்று!

போனது உரம் மட்டும் அல்ல. காசும்தான் போயிற்று. யூரியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். அதில் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். யூரியாவின் அடக்க விலையில் பெரும் பகுதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கிறது. அது மக்கள் கட்டும் வரிப் பணம்.

"குறைவாகப் போவதால்தானே கஷ்டம், இரண்டு மூட்டை கூடப் போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடப் போட்டால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்டு இளைத்து, காற்றுக்குச் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். குலைநோய் தாக்கும். பிறகு மருந்துக்கு வேறு செலவு!

கைக்குழந்தைக்கு ஓர் ஆபத்து

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்கவேண்டும்.

தண்ணீரில் நைட்ரேட் கலந்திருந்தால் நிறத்தில் தெரியாது. ருசியில் தெரியாது. வாசனையும் இல்லை.

நம் நாட்டு விதிப்படி, குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம். நைட்ரேட் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். உதடும் நகமும் நீலம் பூக்கும். குழந்தை மூச்சுக்குத் திணறும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்த குழந்தைகளுக்கு இப்படி வந்ததை ஹன்டர் காம்லி என்ற டாக்டர் 1945-ல் எடுத்துச் சொன்னார்.

இந்த அறிகுறியைக் கண்டால் தாமதம் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு மருந்து உண்டு.

தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றினால் நைட்ரேட்டின் அளவு கூடத்தான் செய்யும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே நல்லது. சந்தேகம் இருந்தால் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பழி முழுவதையும் உரத்தின் மேலே போட்டுவிடக் கூடாது. கிணற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் குழியும் எருக்குழியும் இருந்தால், அவற்றிலிருந்தும் நைட்ரேட் இறங்கும்.

ஏரியிலும் கடலிலும் வானத்திலும்

வாய்க்கால் வழியே போன உரம் ஏரியில் சேர்கிறது. பாசியும் ஆகாயத்தாமரையும் அதை உண்டு கொழுக்கின்றன. அவை செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கின்றன.

கடலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆறு, அந்த நாட்டு வயல்களின் உரத்தை அடித்துக்கொண்டு போய் மெக்சிகோ வளைகுடாவில் சேர்க்கிறது. கோடைக் காலம்தோறும் அங்கே கடலின் அடியில் பிராணவாயு குறைந்து, மீனும் இறாலும் வாழ முடியாத பகுதி ஒன்று உண்டாகிறது. 2017-ல் அதன் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு!

சேற்றிலிருந்து வானத்துக்குப் போவது எல்லாமே பழைய நைட்ரஜனாகப் போவதில்லை. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகப் போகிறது. இதற்குச் "சிரிப்பு வாயு" என்று ஒரு பெயர் உண்டு. முகர்ந்தவருக்குச் சிரிப்பு வருமாம். பூமிக்குச் சிரிப்பு வரவில்லை. எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு இது பூமியைச் சூடாக்குகிறது. ஒரு முறை மேலே போனால் 100 ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

கணக்கு எங்கே தவறியது என்று இப்போது புரிகிறதா? சாவி புதிது, அதனால் வரவு பெருகிவிட்டது. வரும் நைட்ரஜனை வயிற்றுக்கு அனுப்பும் வழி மட்டும் பழைய மாதிரியே இருக்கிறது. வழியில் சிந்துவதுதான் கிணற்றிலும் ஏரியிலும் வானத்திலும் சேருகிறது.

சிந்தாமல் இறைப்பது எப்படி?

வேண்டியது பெரிய வித்தை அல்ல.

ஒரே தடவையில் மூட்டையைக் கொட்டக்கூடாது. குழந்தைக்கு ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே வேளையில் ஊட்டுவோமா? பயிருக்கும் அப்படித்தான். அது கேட்கும் பருவத்தில், மூன்று நான்கு தடவையாகப் பிரித்துப் போடவேண்டும்.

வயல் நிறையத் தண்ணீர் நிற்கும்போது போடக்கூடாது. மழை மேகம் திரண்டிருக்கும்போதும் போடக்கூடாது. தண்ணீரைச் சிறிதளவு நிறுத்தி, மடையை அடைத்துவிட்டுப் போடவேண்டும்.

யூரியாவோடு வேப்பம் புண்ணாக்கைக் கலந்து போடுவது நல்ல பழக்கம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு கொஞ்ச காலம் அடக்கி வைக்கும். உரம் நிதானமாகக் கிடைக்கும். இதனால்தான் நம் நாட்டில் செய்யும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டும் என்று 2015-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது.

நெல்லுக்கு எப்போது உரம் வேண்டும் என்பதை இலையே சொல்லும். அதைப் படிக்க இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெவ்வேறு பச்சை நிறப் பட்டைகள் கொண்ட சிறிய அட்டை. நன்றாக விரிந்த இளம் இலையை அதில் வைத்து ஒப்பிட வேண்டும். உங்கள் நிழலில் வைத்துப் பார்க்கவேண்டும். வெயிலில் நிறம் ஏமாற்றும். இலையின் பச்சை, உங்கள் ரகத்துக்குக் குறித்த பட்டையை விட வெளுத்திருந்தால் உரம் போடலாம். இல்லாவிட்டால் காசு மிச்சம்! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த அட்டையைப் படித்துவிடலாம்.

உளுந்து, பயறு விதைக்கும்போது, ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். வேரில் முடிச்சு கட்ட இது கைகொடுக்கும்.

தக்கைப்பூண்டையும் கொளுஞ்சியையும் மறந்துவிடக் கூடாது. அவை ஆலையும் எரிவாயுவும் இல்லாமல் காற்றிலிருந்து உரம் எடுப்பவை. அவற்றை மட்டும் நம்பி இன்றைய ஜனத்தொகைக்குச் சோறு போட்டுவிட முடியாது. மூட்டையை மட்டும் நம்பினால் மண்ணும் தண்ணீரும் தாங்காது. இரண்டும் சேர்ந்து போகவேண்டும்.

நகரத்தில் இருப்பவர்கள், "எங்களுக்கு வயல் ஏது?" என்று சொல்லவேண்டாம். தட்டில் மீந்து குப்பைக்குப் போகும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் ஒரு சிட்டிகை உரம் இருக்கிறது. அதைக் காற்றிலிருந்து பிடிக்க எரிவாயு எரிந்திருக்கிறது. வயலில் தெளிக்க ஒருவர் சேற்றில் இறங்கியிருக்கிறார். அந்தப் பிடி சோறு விளைய, அதைவிட அதிகமான உரம் வழியிலேயே சிந்தியும் இருக்கிறது.

அளந்து வடியுங்கள். மீந்ததை மாட்டுக்கோ கோழிக்கோ போடுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் மக்கவைத்துச் செடிக்குப் போடுங்கள். காற்றிலிருந்து பாடுபட்டு எடுத்த சோறு, யார் வயிற்றுக்கும் போகாமல் வீணாகப் போகவேண்டாம்.